ஆயிரத்தொன்பதாவது வீடு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றையூரை மாறவேலன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த பேச்சுதான் அவனுக்கு வேதம். அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் அரண்மனை எண்ஜோதிடர் நாகலிங்கனார்.

ஒருநாள் அவர், "மகாராஜா, ஊரில் வீடு வீடாகப் போய் எண்ணிவிட்டேன். மொத்தம் ஆயிரத்தொன்பது. இரண்டால் வகுத்தாலும் மூன்றால் வகுத்தாலும், எதால் வகுத்தாலும் மிச்சம் நிற்கும். எதற்கும் அடங்காத முரட்டு எண். நாட்டுக்கே கேடு! ஒரு வீட்டை இடித்தால் ஆயிரத்தெட்டு. எத்தனையோ எண்களால் மிச்சமில்லாமல் வகுபடும் மங்கல எண்" என்றார்.

"இடி" என்றான் ராஜா. எந்த வீடு, யார் வீடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை பாருங்கள்!

நாகலிங்கனார் கைகாட்டியது பாய் முடையும் பூவாயியின் குடிசையை. அவர் மாளிகைக்கு வரும் ஆற்றுக்காற்றை அது மறைக்கிறதாம்! கடப்பாறை விழுந்து பின்சுவர் சரிந்தது. அவளும் அவள் புருஷனும் மிதித்துக் குழைத்த மண் அது. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான், சுவர்தான் மிச்சம். "நிறுத்துங்கடா!" என்று கத்தி, இடிக்க வந்த ஆட்களிடம் காரணத்தைக் கேட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே சபைக்குப் போனாள்.

"மகாராசா, அந்த எண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? நான் என்ன பாவம் பண்ணேன்? சரி, இடிச்சுக்குங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஐயா எண்ணினாரே, அதுல அரண்மனை உண்டா?"

நாகலிங்கனார் சிரித்தார். "அரண்மனையைப் போய்க் குடிசைகளோடு சேர்த்து எண்ணுவேனா? என்ன திமிர் உனக்கு!"

"அப்போ மகாராசா நம்ம ஊர்க்காரர் இல்லையா?"

ராஜாவின் முகம் சிவந்தது. "என்ன ஓய்! நான் இந்த ஊரில் குடியில்லையா? என் வீட்டையும் சேர்த்து எண்ணும்!"

"சேர்த்தா ஆயிரத்துப் பத்து," என்றாள் பூவாயி. "என் வீட்டை இடிச்சாத்தான் அந்த முரட்டு எண்ணே வரும். இப்போ ஊருக்குக் கேடு பண்றது யாரு மகாராசா?"

நாகலிங்கனார் பதறினார். "அதனாலென்ன, இரண்டு வீடாக இடித்துவிடலாம்!"

"நல்லது. இரண்டாவது உம்முடையது" என்றான் ராஜா.

"ஐயையோ! ஆயிரத்துப் பத்தைப் போல மங்கலமான எண் உண்டா, மகாராஜா? இரண்டால் வகுபடும், ஐந்தால் வகுபடும், பத்தால்கூட..."

சபையே சிரித்தது. பூவாயி சிரிக்கவில்லை.

"உன் வீடு உனக்கே, அம்மா. வேறென்ன பரிசு வேண்டும்?" என்றான் ராஜா.

"என் வீட்டை எனக்கே குடுக்கறது பரிசா?" என்று வெடித்தாள் அவள். "இடிச்ச சுவரை இவரே எழுப்பட்டும். ஆத்தங்கரையிலேருந்து ஆயிரத்தொன்பது கூடை மண்ணு வேணும். ஆள் வெச்சுக்கட்டும். ஆனா ஆளுக்குச் சமமாத் தூக்கணும். ஒரு கூடை மிஞ்சக்கூடாது, அரைக்கூடை கிடையாது."

இந்த முறை ராஜா கொஞ்சம் யோசித்தான். யோசித்துவிட்டு, "அப்படியே ஆகட்டும்" என்றான்.

நாகலிங்கனார் இரண்டு ஆள் வைத்துப் பார்த்தார். ஒரு கூடை மிஞ்சியது. மூன்று ஆள், ஒரு கூடை. ஏழு ஆள், ஒன்பது ஆள், அப்போதும் அதே ஒரு கூடை. ஆயிரத்தொன்பது பேர் வந்து ஆளுக்கு ஒன்று தூக்கினால் சரியாக வரும். இல்லையென்றால் ஒரே ஆள் அத்தனையையும் தூக்க வேண்டும். தான் எண்ணிய அத்தனை வாசலிலும் போய்க் கூப்பிட்டார். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியில் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு, முதல் கூடையைத் தானே சுமந்து வந்து கொட்டினார். சரிந்த சுவருக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்திருந்த பூவாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள்.