கூத்தாடி எழுத்தில் எழுதிய தடையாணை

நன்மக்களே, கடைசியாக ஓர் அறிவிப்புப் பலகையைக் கண்டபோது அதைப் படித்தீர்களா, அழகை மட்டும் பார்த்துவிட்டு நடந்தீர்களா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். விடை சொல்லத் தயங்குவோருக்காகவே இக்கதை.

மருதவர்மன் ஆண்ட ஆற்றங்கரை நாட்டில், அரசாணைகளைப் பலகையில் எழுதுவிக்கும் அதிகாரியாக அலங்காரப் பிள்ளை இருந்தார். அவர் ஓர் எழுத்து வடிவம் புனைந்தார். ஒவ்வோர் எழுத்தும் ஒட்டடைக் கம்பு போல ஒல்லி, பனைபோல நெட்டை. ஒன்றின் தோளை மற்றொன்று இடிக்கும். ணகரத்தின் சுழிகள் மூச்சுவிட இடமின்றி நெருங்கிக் கிடக்கும். ஒன்று காலைத் தூக்கும். இன்னொன்று இடுப்பை ஒடிக்கும். புள்ளிகள் தலைக்குமேல் பந்துபோலத் துள்ளும். ஊரார் அதைக் கூத்தாடி எழுத்து என்றனர்.

கூத்துக் கொட்டகை வாசலில் அது பொருந்தவே செய்தது. குறுகிய பலகையிலும் நீண்ட நாடகப் பெயர் முழுதாக அடங்கியது. தொலைவில் போகிறவனையும் கண்சிமிட்டி அழைத்தது. அத்தோடு நின்றிருந்தால் பிள்ளையை நாமும் வாழ்த்தலாம். அவரோ மருந்துச்சாலைக் குறிப்பையும், காவல் விதியையும், சுடுகாட்டு அறிவிப்பையும்கூட அதே எழுத்தில் ஆடவிட்டார். அவையில் ஒருவரும் அவற்றைப் படிக்கவில்லை; ஒருவர் விடாமல் பாராட்டினர். முதுகெலும்பைத் தொலைத்த கூட்டத்துக்கு வேறென்ன தெரியும்?

அவை ஆலோசகரான காளத்தி மட்டும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சடையாண்டி என்ற ஓடக்காரனைக் கயிற்றில் கட்டி இழுத்துவந்த நாளில்தான் அவர் பொறுமை அறுந்தது.

மடுத்துறையில் நீர்ச்சுழி உண்டு. "இங்கே ஓடம் விடலாகாது; மீறினால் ஓடம் உடைக்கப்படும்" என்று அங்கே பலகை நட்டிருந்தார்கள். சடையாண்டி ஆள்களை ஏற்றிக்கொண்டு நேராகப் பலகைக்கே வந்துவிட்டான். உயிர்கள் தப்பியது அதிர்ஷ்டம்.

"பலகை கண்ணில் படவில்லையா?" என்றான் அரசன்.

"பட்டதாலதான் வந்தேன் சாமி. எழுத்தெல்லாம் ஆடிக்கிட்டு நின்னுச்சு. கூத்து நடக்குதுன்னு நெனச்சு சனங்களை ஏத்திக்கிட்டு வந்தேன்."

அவை சிரித்தது. பிள்ளை சிரிக்கவில்லை.

"மன்னா, படிக்கத் தெரிந்தவன் படித்தே தீருவான். இவன் பொய்யன். ஓடத்தை உடைக்க ஆணையிடுங்கள்."

"ஐயோ சாமி! அந்த ஓடம் போனா எங்க வீட்டுல அடுப்பு எரியாது!"

காளத்தி எழுந்தார். "மன்னா, குற்றம் இவனுடையதன்று. எழுத்தினுடையது."

அரசனுக்குச் சினம் மூண்டது. "அப்படியா, காளத்தியாரே? கற்றவன் ஒருவன், பட்டப்பகலில், பலகையைக் கண்ணாரக் கண்டும் அது சொல்வதை அறியாமல் போவான் என்று நாளைக்கே நீர் காட்டும். காட்டாவிட்டால் ஓடம் விறகாகும்."

"ஒருவன் போதுமா, மன்னா?" என்று கேட்டு அமர்ந்தார் காளத்தி. அவையினரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அப்படிப்பட்டவர் கிடைப்பது கடினம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவை வாசலில் புதுப் பலகையொன்று தொங்கியது. கொட்டகைக்கு எழுதும் ஓவியனைக் கொண்டு, கூத்தாடி எழுத்திலேயே காளத்தி எழுதுவித்தது.

அரசன் வந்தான். "ஆகா, வாசலே சிரிக்கிறதே!" என்று மெச்சியபடி உள்ளே நடந்தான். புலவர்களும் தளபதிகளும் அவன் மெச்சியதை மெச்சிக்கொண்டு நுழைந்தனர். பிள்ளையோ நெடுநேரம் அண்ணாந்து நின்றார். "இந்த நளினம் என் கைக்கே உரியது. அந்த ஐகாரத்தின் இடுப்பைப் பாருங்கள்!" என்று உருகிவிட்டு உள்ளே வந்து அமர்ந்தார்.

"பிள்ளையவர்களே, வாசல் பலகையைக் கண்டீர்களா?" என்றார் காளத்தி.

"கண்குளிரக் கண்டேன்."

"என்ன எழுதியிருக்கிறது?"

"நல்வரவு... வேறென்ன இருக்கும்?"

அப்போது வெளியே கூச்சல். "உள்ளே வாடா!" என்று காவலன் அதட்ட, சடையாண்டி வாசலில் காலை ஊன்றிக்கொண்டு அசைய மறுத்தான்.

"மாட்டேங்க! அதுல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல சொல்லுங்க. ஒருக்கா பட்டது போதும்!"

காவலன் கண்ணை இடுக்கி, தலையைச் சாய்த்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி உரக்கப் படித்தான்: "இப்பலகையைக் கடந்து உள்ளே வருபவர், ஓடக்காரன் குற்றமற்றவன் என்று ஒப்புக்கொண்டவர் ஆவார்."

அவை முழுவதும் வாசல் பக்கம் திரும்பியது.

அலங்காரப் பிள்ளை துள்ளி எழுந்தார். "இது வஞ்சகம்! நான் எழுத்தின் அழகைப் பார்த்தேன். அதைப் போய் யார் படிப்பார்?"

"நேற்று சடையாண்டி சொன்னதும் இதுதானே, பிள்ளையவர்களே?" என்றார் காளத்தி.

அரசன் தன்னையும் சேர்த்தே நகைத்துக்கொண்டான். கயிறு அவிழ்ந்தது, ஓடம் பிழைத்தது. பிள்ளை அன்றே கொட்டகைக்கு மாற்றப்பட்டார். காளத்திக்கு என்ன பரிசு வேண்டுமென்று அரசன் கேட்டான்.

"மடுத்துறைப் பலகையைப் பொழுது சாய்வதற்குள் அகன்ற, அசையாத எழுத்தில் மாற்றுங்கள், மன்னா. அதுவே போதும்."

கேட்டவர்களே, சிரித்துவிட்டு எழுந்து போகாதீர்கள். ஆடும் எழுத்துக்கு விழாப் பந்தலைக் கொடுங்கள். மிட்டாய்க் கடையைக் கொடுங்கள். ஆனால் உங்கள் பள்ளத்தருகே, மின்கம்பியருகே, மருந்தலமாரியில் என்ன தொங்குகிறது? இன்றே போய்த் தள்ளி நின்று பாருங்கள். ஒரே பார்வையில் படிக்க முடியாவிட்டால் இன்றே கழற்றுங்கள், இன்றே திருத்தி எழுதுங்கள். அடுத்த ஓடம் கரையை விட்டுப் புறப்பட்டாயிற்று.