சாயப்பேட்டையின் மூத்த கிழவி

வெகு காலத்துக்கு முன்னே வெள்ளாற்றூர் என்றொரு நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி என்று இருப்பவன். சாவைப் பற்றி நினைத்தால் மட்டும் எந்நேரமும் ஒரே புத்தி. பயம்.

அந்தப் பயத்தில் அவன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். அவனுடைய பிறந்தநாளன்று ஒவ்வொரு தெருவின் மூத்தவரும் தம் தெருத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவர வேண்டும். அதை அவன் உள்ளங்கையில் ஊற்றி, "எங்கள் ஆயுசு உனக்கும் வாய்க்கட்டும்" என்று வாழ்த்த வேண்டும். அவன் அதைக் குடிப்பான்.

அந்த ஆண்டும் மாடவீதிக் கிழவர்கள் பல்லக்கில் வந்து இறங்கினார்கள். தொண்ணூறைத் தொட்டவர்கூட ஒருவர் இருந்தார். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நின்ற அமைச்சர் சேந்தனார் எல்லாரையும் சிரித்த முகத்தோடு வரவேற்றார். உள்ளே அவருக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

காரணம் இதுதான். அரண்மனைப் பட்டுக்குச் சாயம் ஏற்றும் சாயப்பேட்டைக்கு அவர் போன மாதம் போயிருந்தார். தெருவுக்குள் நுழையும்போதே ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு இடுகாட்டுக்குப் போனார்கள். திரும்பும்போது இன்னொன்று. அந்தத் தெருவில் கிழவர் என்று யாருமே இல்லை. ராஜாவுக்குப் பயந்து ஆண்டுதோறும் பக்கத்து ஊர்க் கிழவர் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். செம்பையும் கோட்டை வாசல் கிணற்றில் நிரப்பிக்கொண்டார்கள்.

"இந்த முறை அந்தக் கிழவரும் வேண்டாம், அந்தக் கிணறும் வேண்டாம்" என்று சேந்தனார் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கட்டியக்காரன் சாயப்பேட்டையை அழைத்தான். கருகருவென்று தலைமுடியோடு ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் செவந்தி.

ராஜாவின் புருவம் ஏறியது. "மூத்தவர் எங்கே?"

"நான்தான், மகாராசா."

"விளையாடுகிறாயா? உனக்கு என்ன வயது?"

"முப்பத்தாறு. எனக்கு மூத்தவங்களை எல்லாம் புதைச்சாச்சு."

சபையில் யாரோ சிரித்தார்கள். செவந்தி சிரித்தவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அவள் செம்பைச் சாய்த்தாள். ராஜா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். தரையில் விழுந்த தண்ணீர் கருநீலமாக இருந்தது. சாணி நாற்றம் அடித்தது.

"விஷம்" என்றார் சடைநாதர். நாட்டின் ஆறு குளங்களுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. அமைச்சர் நாற்காலியில் வெகுநாளாக அவருக்கு ஒரு கண்.

"விஷமா? இதுலதானே நாங்க சோறு வடிக்கிறோம்" என்றாள் செவந்தி.

"எல்லாருக்கும் ஒரே ஆறுதான், மன்னா" என்றார் சடைநாதர். "மாடவீதியும் அதைத்தான் குடிக்கிறது. இவர்கள் சீக்கிரம் சாவது தண்ணீரால் அல்ல. இவர்கள் ரத்தம் அப்படி, சோம்பேறி ரத்தம். இன்று பொழுது சாய்வதற்குள் தெருவோடு விரட்டிவிடுங்கள். உங்கள் ஆயுசுக்கு ஆகாதவர்கள்."

ஆயுசு என்றதும் ராஜா நடுங்கிப்போனான். "விரட்டுங்கள்" என்றான்.

செவந்தி அமைச்சரைப் பார்த்தாள். அவளை வரச்சொன்னவர் சேந்தனார்தான். இப்போது வீட்டை இழக்கப்போகிறவள் அவள். அமைச்சர் முன்னால் வந்தார்.

"சடைநாதர் சொல்வது சரிதான், மன்னா."

சடைநாதருக்கே தூக்கிவாரிப்போட்டது.

"தண்ணீரில் குற்றமில்லை, ரத்தத்தில்தான் குற்றம் என்கிறார். அப்படியானால் நல்ல ரத்தம் உள்ளவரை இது ஒன்றும் செய்யாது. வழக்கம் பாதியில் நிற்கிறது, உங்கள் ஆயுசு விஷயம். உங்களுக்குப் பதிலாக அவரே குடித்து முடிக்கட்டும். பிறகு நிம்மதியாக விரட்டலாம்."

"நல்ல யோசனை. குடியும், சடைநாதரே" என்றான் ராஜா.

செவந்தி செம்பை நீட்டினாள்.

"எனக்கு இன்று விரதம்" என்றார் சடைநாதர்.

"தண்ணீருக்கு விரதம் இல்லையே" என்றார் சேந்தனார்.

"வயிறும் சரியில்லை."

"ராஜவைத்தியர் இதோ பக்கத்திலேயே இருக்கிறார். அவர் சாயப்பேட்டைக்குத்தான் ஒருநாளும் போனதில்லை. உங்களை உடனே பார்ப்பார்."

சடைநாதர் செம்பை வாயருகே கொண்டுபோனார். மூக்கு சுருங்கியது. செம்பைக் கீழே இறக்கினார்.

"மன்னா, யானை குளித்த தண்ணீர் இது. சாயத்தொட்டிக் கழிவெல்லாம் இதில்தான் விழுகிறது. குடித்தால் செத்துப்போவேன்."

"நீர் செத்துப்போவீர். அவர்கள் குழந்தைகள்?" சேந்தனார் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "அந்தத் தெருவுக்கு மேல்வாய்க்காலில் நல்ல தண்ணீர் வந்துகொண்டிருந்ததே. மதகை அடைத்தது யார்?"

"பூந்தோட்டத்துக்கு..."

"யாருடைய பூந்தோட்டம்?"

"என்னுடையதுதான்" என்றார் சடைநாதர். ராஜா கடகடவென்று சிரித்தான். "நன்றாக மாட்டிக்கொண்டீர், ஐயா."

"சிரிக்காதீர்கள், மன்னா" என்றார் சேந்தனார். "அந்த யானைகள் உங்களுடையவை. அந்தச் சாயம் உங்கள் பட்டில் ஏறியது. மதகை அடைத்த உத்தரவில் இருப்பது உங்கள் முத்திரை. உங்கள் தோளில் பளபளக்கிறதே, அதன் கழுவலைத்தான் அவர்கள் குடிக்கிறார்கள்."

ராஜா தன் மேலாடையைக் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு அதைக் கழற்றிச் சிம்மாசனத்தின் மேல் போட்டுவிட்டு எழுந்தான்.

"மதகை இப்போதே திறந்துவிடுங்கள். யானைகளையும் கழிவையும் தெருவைத் தாண்டி ஆற்றின் கீழ்ப்பக்கம் கொண்டுபோங்கள். வைத்தியரே, இனி உமக்கு வீடு சாயப்பேட்டையில். சடைநாதரே, உமக்கும்தான். அவர்கள் குடிப்பதையே நீரும் குடியும். வாய்க்கால் வேலை வேகமாக நடக்கும்."

அப்படியே வேகமாக நடந்தது.

"உமக்கு என்ன வேண்டும், அமைச்சரே?" என்று கேட்டான் ராஜா.

"இந்தப் பெண்ணின் தலையில் ஒரு நரை."

அது உடனே தரக்கூடிய பரிசு அல்ல. பல பிறந்தநாட்கள் போயின. ஒரு பிறந்தநாளில் செவந்தி செம்போடு வந்தபோது அவள் நெற்றியோரம் ஒற்றை நரை தெரிந்தது. ராஜா கையேந்தி, தெளிந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். சபை கைதட்டியது.

சேந்தனார் தட்டவில்லை. செவந்திக்குப் பக்கத்தில் அவளுக்கு மூத்தவர்கள் நின்றிருக்க வேண்டிய இடம் காலியாகவே கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.