தமயந்தி போட்ட டியூன்

பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது சினிமாப் பத்திரிகையின் புது நிருபர் தமயந்திக்கு வெகுநாள் குறுகுறுப்பு. பேட்டிக்குப் போன சாக்கில், இசையமைப்பாளர் ருத்ரகுமாரின் ஸ்டூடியோ மூலையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அங்கே பிறந்த பாட்டு வெளிவந்ததும், சுமார்தான் என்று விமர்சனம் எழுதினாள்.

மனிதர் கொதித்துப்போனார். அடுத்த பாடல் வெளியீட்டு விழாவில், அத்தனை கேமராக்களுக்கும் முன்னால் அவளை மேடைக்குக் கூப்பிட்டார்.

"டியூன் போடத் தெரியாதவங்கல்லாம் என் பாட்டைக் குறை சொல்றாங்க! எங்கே, இங்கேயே ஒரு டியூன் போடும்மா பாப்போம். முடியலைன்னா இன்னையோட எழுதறதை விட்டுடு. உங்க எடிட்டர்கிட்ட பேசிட்டேன்."

"போட்டுடலாம் சார். நீங்க போடற மாதிரியே போடட்டுமா?"

"என்னை மாதிரியா? போடு, போடு!" என்று சிரித்தார்.

தமயந்தி அவருடைய நாற்காலியில் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்தாள். மேடையில் இருந்த, அவர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் சேவியரைப் பார்த்து விரலைச் சொடுக்கினாள்.

"சேவியர், சோகமா ஏதாவது போடுப்பா."

பழக்க தோஷம், சேவியரின் விரல்கள் தானாக ஓடின.

"ம்ஹூம், வேற."

இன்னொரு மெட்டு வந்தது. அரங்கமே கிறங்கியது.

"இது ஓகே" என்று எழுந்தாள் தமயந்தி. "டியூன் ரெடி சார். போஸ்டர்ல என் பேரைப் பெரிசா போட்டுக்கலாமா?"