பேரில் குதிரை

மலையடிவாரப் புல்வெளி கோடைத் தீயில் கருகிக் கிடந்தது. தாய்க் காட்டெருமை தன் ஒரே கன்றோடு மழையை எதிர்பார்த்து நின்றது. கன்று எலும்பும் தோலுமாகிவிட்டது.

அங்கே ஒரு காக்கை பறந்து வந்தது.

"அக்கா! கீழே பண்ணையில ரெண்டு தீவனச் செடி காய்ச்சு நிக்குது. எங்க கூட்டமே சேர்ந்து விதையைக் கொண்டாந்து இங்க போடுறோம். மழை வர்றதுக்குள்ள ஒரு செடியோட விதையைக் கொண்டாரத்தான் நேரமிருக்கு. எது வேணும்? குதிரைமசால் வேணுமா, முயல்மசால் வேணுமா?"

புதரிலிருந்து முயல் துள்ளி வந்தது. "முயல்மசால்தான்! எங்க இனத்துப் பேரையே வச்சிருக்காங்க பாருங்க!"

காட்டெருமைக்குச் சிரிப்பு வந்தது. "அதைத் தின்னா என் பிள்ளையும் உன்னை மாதிரி பயந்தாங்கொள்ளியாத்தான் வளருவான். குதிரைமசாலே போடு! என் பிள்ளை குதிரை மாதிரி பாயணும்!"

"யாரு பயந்தாங்கொள்ளி?" என்று முயல் குதித்தது.

"கொஞ்சம் இருங்க" என்றது காக்கை. "குதிரைமசாலை ஈரத்தோட, வெறும் வயித்துல..."

"நீ சும்மா இரு!" என்று இரண்டும் ஒரே குரலில் அதட்டின.

காக்கைக்கு ரோஷம் வந்துவிட்டது. 'எனக்கென்ன வந்தது!' என்று வாயை மூடிக்கொண்டது. அந்த ஒரு பேச்சை முடித்திருக்கலாம். பாவி, முடிக்கவில்லை.

மழை பெய்தது. புல்வெளி முழுக்கக் குதிரைமசால் தளதளவென்று எழுந்தது. விடிந்ததும் விடியாததுமாகக் கன்று ஓடி வந்தது. இலையெல்லாம் பனி.

"அம்மா, எவ்வளவு பச்சை!"

"தின்னுடா கண்ணு! வயிறு முட்டத் தின்னு!"

வெயில் ஏறுவதற்குள் கன்றின் வயிறு மத்தளமாக உப்பிவிட்டது.

"மூச்சு முட்டுதும்மா!"

தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தது. வேறு என்ன செய்யும்? மத்தியானத்துக்குள் கன்று செத்துப்போயிற்று.

"பனி காய்ஞ்சப்புறம், முதல்ல கொஞ்சம் காய்ஞ்ச புல்லைத் தின்னுட்டு மேய்ஞ்சிருந்தா பிழைச்சிருக்கும் அக்கா" என்று காக்கை அழுதது. "அன்னிக்கே கத்தியாவது சொல்லியிருக்கணும்."

"நானும் பேருக்காகத்தான் சண்டை போட்டேன்" என்றது முயல். "அந்தச் செடியை நான் பார்த்ததுகூட இல்லை."

அடுத்த கோடையில் குதிரைமசால் தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோயிற்று. பாறை ஓரத்தில் மட்டும், விதையோடு விதையாகக் கலந்து வந்து விழுந்த முயல்மசால் கொஞ்சம் பச்சையாக நின்றது. காட்டெருமை அதை மேய்ந்தது. பாதியில் நிறுத்தி, மிச்சத்தைத் தின்னச் சொல்லிக் கன்றைக் கூப்பிடத் திரும்பியது. அப்புறம்தான் நினைவு வந்தது.

பேரை மட்டும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர், அதன் குணத்தை அழுதுதான் தெரிந்துகொள்வார்.