நிற்கிறவருக்கு ஒரு நாற்காலி

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஆம்பூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த மனநல ஆலோசனை மையத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சீடரைத்தான் குரு என்று நினைத்துக் கும்பிடுவார்கள். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, எதற்கும் அசையாத முகம். குரு ரஹ்மத்துன்னிசா துப்பட்டாவைத் தலையில் சரிசெய்தபடி பின்னால் நின்று சிரித்துக்கொள்வார்.

சீடரின் பெயர் தில்லைநாதன். பல வருஷம் ஊர் ஊராகப் போய்த் தியானம் சொல்லிக்கொடுத்தவர். கோபத்தை வென்றவர் என்று பெயர் வாங்கியவர். பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால் அவரே மன்னிப்புக் கேட்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். மனக்காயத்தை ஆற்றவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரஹ்மத்திடம் வந்து சேர்ந்திருந்தார்.

ரஹ்மத்தின் அறையில் மூன்று நாற்காலிகள். ஒன்று வருகிறவருக்கு. ஒன்று கேட்கிறவருக்கு. மூன்றாவது காலியாகவே இருக்கும். யாரிடம் சொல்ல முடியாமல் போனதோ, அவர் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து நேருக்கு நேர் பேச வேண்டும். செத்தவரானாலும் சரி, சிங்கப்பூரில் இருப்பவரானாலும் சரி.

ஒரு நாள் காலையில் வளர்மதி வந்தாள். செருப்புக் கம்பெனியில் தையல் வேலை செய்கிறவள். சாப்பாடு இறங்கவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கஞ்சித் தண்ணீரில் உயிரை வைத்திருந்தாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

"எப்போலேருந்து இப்படி?" என்று கேட்டார் ரஹ்மத்.

"எங்கப்பா காரியம் முடிஞ்சதிலேருந்து."

"ஐயா, நீங்க பாருங்க" என்று தில்லைநாதனிடம் சொல்லிவிட்டு ரஹ்மத் மூலையில் போய் உட்கார்ந்தார்.

தில்லைநாதன் காலி நாற்காலியைக் காட்டினார். வளர்மதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு குரல் ஏறியது.

"புருஷன் அடிச்சு, ரத்தம் சொட்டச் சொட்ட உன் வாசல்ல வந்து நின்னேன். உள்ளகூட விடல நீ. சம்பந்தி மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு கேட்ட. கடைசி பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டு, திரும்பிக்கூடப் பார்க்காம போன. நீயெல்லாம் ஒரு அப்பனா? சொல்லு! நீயெல்லாம் ஒரு அப்பனா?"

தில்லைநாதனுக்குக் கேட்கப் பொறுக்கவில்லை. செத்துப்போன மனிதர். சுவரில் படமாகி மாலை போட்டுக்கொண்டிருக்கிறவர். நம் ஊரில் ஒருத்தர் செத்துவிட்டால் அவர் செய்ததெல்லாம் கூடவே எரிந்துவிட வேண்டும், அடிபட்டவர்கள்தான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். தில்லைநாதனும் அந்த ஊர்க்காரர்தானே.

சாந்தம் பேசியே பழகியவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பை அவர் செய்தார். எழுந்துபோய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு கையையும் கூப்பினார்.

"அம்மா வளர்மதி, நான்தான் அப்பா பேசுறேன். தெரியாம பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடும்மா. மூச்சை மெதுவா இழுத்து விடு."

வளர்மதி அப்படியே நின்றுபோனாள். அப்பா வயசுக்காரர், திருநீறு பூசியவர், கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவளால் என்ன செய்ய முடியும்?

"ஐயோ, நீங்க போய் என்னை..." என்று குனிந்து அவர் காலைத் தொட்டாள். "இப்ப பரவாயில்லீங்க."

அவள் போனதும் தில்லைநாதன் ரஹ்மத்தைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. ரஹ்மத் காலி நாற்காலியை நகர்த்திப் பழைய இடத்தில் போட்டார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வளர்மதி வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டாள். இப்போது கஞ்சித் தண்ணீரும் இறங்கவில்லை. குளுக்கோஸ் ஏறுகிறது. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் வைத்துத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

தில்லைநாதனுக்கு முகம் செத்துப்போனது.

"நான் என்ன தப்பு பண்ணினேன் மேடம்? கோபம் விஷம் இல்லையா? அதை இறக்கத்தானே பார்த்தேன்?"

ரஹ்மத் வருகிறவர் நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க ஐயா. நீங்க கோபத்தை எப்போ விட்டீங்க? அதைச் சொல்லுங்க."

"எங்கம்மா செத்தப்போ. நான் அப்போ ஜபல்பூர்ல வேலையில இருந்தேன். தகவல் கிடைச்சதும் ரயிலைப் பிடிச்சு..."

"மூச்சை மெதுவா இழுத்து விடுங்க."

"சரிங்க. ரயிலைப் பிடிச்சு வந்தேன். நான் வர்றதுக்குள்ள அண்ணன் எடுத்துட்டாரு. கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா..."

"அவரும் பாவம்தானே. வெயில் காலமா இருந்திருக்கும்."

"வெயில்தான். ஆனா நான் ஸ்டேஷன்லேருந்து ஓடி..."

"மூத்தவர்தானே. மன்னிச்சிடுங்க."

"மேடம், நான் இன்னும் சொல்லி முடிக்கல."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ரஹ்மத் எழுந்து போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைப் போலவே கையைக் கூப்பினார். அவரைப் போலவே குரலைக் குழைத்தார்.

"தம்பி தில்லைநாதா, நான்தான் அண்ணன் பேசுறேன். சத்தம் போடாதப்பா. அமைதியா..."

"என்னைப் பேச விடு அண்ணா!"

அறையே அதிர்ந்தது. தில்லைநாதன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஒரு தடவையாவது என்னைப் பேச விடு! பெத்தவ மூஞ்சியைக்கூட எனக்குக் காட்டல நீ! சாம்பலைக் காட்டி இதுதான்டா அம்மான்னு சொன்ன! நான் கத்தி அழுதா, சொந்தக்காரங்க பார்க்கிறாங்க, சத்தம் போடாதேன்னு என் வாயைப் பொத்தினியே, பாவி! உனக்கு மட்டும்தான் அம்மாவா அவ?"

திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணில் வழிந்தது. ரஹ்மத் எப்போதோ அந்த நாற்காலியிலிருந்து எழுந்து ஓரமாய் நின்றிருந்தார்.

மூச்சு வாங்கியது தில்லைநாதனுக்கு. "மேடம், நான் உங்களை ஒண்ணும்..."

"என்னை இல்லைன்னு தெரியும் ஐயா." ரஹ்மத் விழுந்த நாற்காலியைத் தூக்கி வைத்தார். "நான் உங்க அண்ணனா உட்கார்ந்து பேசினப்போ எப்படி இருந்துச்சு?"

"கழுத்தை நெரிச்ச மாதிரி இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. கை தானாகத் தொண்டைக்குப் போனது. அவமானமாக இருந்தது. தன் மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது.

சில நாள் கழித்து வளர்மதி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மையத்துக்கு வந்தாள். நிற்கவே தெம்பில்லை. இந்த முறை தில்லைநாதன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அன்னிக்கு நடுவுல பேசிட்டேன். தப்பு என்னோடதும்மா" என்றார். "நீ பாதியில விட்டதை அவர்கிட்டயே சொல்லு."

அவள் தயங்கினாள். ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அப்பனை அவள் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் தில்லைநாதனின் நெஞ்சில் வந்து இடித்தது. மூச்சை இழுத்து விடச் சொல்ல நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கு!" என்று கத்தினாள்.

"சொல்லு."

கத்திக் கத்திக் குரல் கம்மியது. கம்மிய குரலுக்குள்ளிருந்து வேறொரு குரல் வந்தது. அது வாசலில் நின்ற பெண்ணின் குரல்.

"ஒரு ராத்திரி தங்கிட்டுப் போம்மான்னு சொல்லியிருக்கலாமேப்பா. அது போதுமே எனக்கு. மறுநாள் நானே போயிருப்பேனே."

அழுதாள். வயிற்றிலிருந்து வந்த அழுகை அது. யாரும் அவளைத் தேற்றவில்லை. தானாக ஓய்ந்ததும் காலி நாற்காலியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைக் கடைசியாய் ஒருமுறை பார்க்கிறவள் போல இருந்தது.

"டீ கிடைக்குங்களா?" என்றாள்.

டீயும் ஒரு பன்னும் வந்தன. பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து வாயில் போட்டாள். கழுத்து அசைந்தது. இறங்கியது. இன்னொரு துண்டும் இறங்கியது. மூன்றாவதை வைத்துவிட்டாள்.

"அவரை நான் இன்னும் மன்னிக்கல" என்றாள் வெடுக்கென்று.

"வேணாம்" என்றார் தில்லைநாதன். "அடுத்த வாரம் வா."

அவள் போனதும் அறையில் இருவர்தான் இருந்தார்கள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் அவங்க அப்பாவாவே உட்கார்ந்து, கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் அவங்களுக்குக் கஞ்சித் தண்ணிகூட இறங்கல. இன்னிக்கு அந்த நாற்காலியிலேருந்து ஒரு வார்த்தை வரல. ஆனா பன் இறங்குது. எப்படி?"

"நீங்க போய் உட்கார்ந்துட்டீங்க. அப்புறம் அவங்க அப்பா எங்கே உட்காருவாரு?"

தில்லைநாதன் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

ரஹ்மத் அந்த நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டார்.

"உங்க அண்ணனும் இத்தனை வருஷமா நின்னுக்கிட்டேதான் இருக்காரு ஐயா. உட்காரச் சொல்லுங்க."