முழங்கால் கேட்ட கயிறு

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமா பேசியது? ஆளின் இடுப்பும் முழங்காலும்கூடப் பேசின. அதுவும் சும்மா பேச்சில்லை, சண்டைப் பேச்சு!

ஒரு பாறைக் கரட்டின் அடிவாரத்தில் மாசாணம் என்றொரு கிழவர் இருந்தார். தனிக்கட்டை. சொந்தமென்று சொல்லிக்கொள்ள செவலை என்ற வெள்ளாடு ஒன்றுதான். ஒருநாள் மத்தியானம் அது கரட்டு உச்சியிலிருந்து அலறியது.

"ஐயா, ஈனுறப்ப குட்டி பாதியில மாட்டிக்கிச்சு! சீக்கிரம் வாங்க, உசுரு போகுது!"

கிழவர் பதறி எழப் பார்த்தார். முழங்கால் அசைந்து கொடுக்கவில்லை.

"எந்திரியேன், மூதேவி!" என்று அதன்மேல் ஓங்கி ஓர் அறை வைத்தார்.

"அடிங்க, நல்லா அடிங்க" என்றது முழங்கால். "ஏறினது நான், இறங்கினது நான், ஆட்டுக்குப் பின்னால ஓடினதும் நான். ஆனா பொங்கலுக்குப் பொங்கல் புது அரைஞாண் கயிறு மட்டும் இடுப்புத் துரைக்கு! எனக்கு ஒரு நூலாவது கட்டினீங்களா? கயிறு கட்டிக்கிட்டவனே கரடு ஏறட்டும்."

இடுப்புக்குச் சுருக்கென்றது. கேட்டதில் என்ன தப்பு?

"அண்ணே, நான் சொகுசாத்தான் இருந்துட்டேன்" என்றது. "இனி உன் பாரத்துல பாதி என்னோடது. நீ ரொம்ப மடங்க வேண்டாம், தாங்கினாப் போதும். ஐயா, நீங்களும் தாவிக் குதிக்காம சின்னச் சின்ன அடியா வைங்க."

முழங்கால் அப்போதும் மடங்க மறுத்தது. மேலே செவலையின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. கிழவர் அவசர அவசரமாக அரைஞாண் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். பாழாய்ப்போன முடிச்சு இறுகிக் கிடந்தது.

"கயிறு அப்புறம் கட்டுறேன்டா சாமி. இப்ப இந்தக் கையை வச்சுக்க" என்று, அறைந்த இடத்திலேயே உள்ளங்கையை வைத்தார். மூட்டு வீங்கிக் கொதித்தது. இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூடத் தொட்டுப் பார்க்கவில்லையே என்று அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"கையே போதும், எந்திரிங்க" என்றது முழங்கால்.

இடுப்பு தூக்க, முழங்கால் தாங்க, கிழவர் அசைந்து அசைந்து உச்சிக்குப் போய்விட்டார். பக்குவமாகக் கைவிட்டு இழுத்தார். ஈரத்தோடு வந்து விழுந்த குட்டி, "எங்கய்யா போனீங்க இவ்வளவு நேரம்?" என்று அவரையே அதட்டியதாம்! செவலை அசந்துபோய்க் கிடந்தாலும் குட்டியை நக்கத் தொடங்கிவிட்டது.

வயதானவர்கள் முழங்காலில் கை வைத்து எழுவதும், இடுப்பை அசைத்துச் சின்ன அடியாக நடப்பதும் அன்று தொட்டுத்தான். பார்த்துச் சிரிக்காதீர்கள், கொஞ்சம் தாமதமானாலும், அவர்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.