வலப்பக்கத்துப் பாயிண்ட்

"மேடம், முப்பது வருஷம் தாங்குற எலும்பு இது! இதைப் போய் வேண்டாங்கிறீங்களே?"

ஆவுடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. புற்றுநோய் அறுவை படிக்க வந்த எலும்பு டாக்டர் அவன். தோள்மூட்டோடு சேர்ந்த பளபளக்கும் உலோக எலும்பை, புது பேட் வாங்கின பையன் மாதிரி கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அவனுடைய ஆசிரியை டாக்டர் ஹெப்சிபா எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளி பெயர் வெயிலுமுத்து. கிட்னியில் வந்த புற்றுநோய் வலது மேல்கை எலும்புக்கும் பரவி, தோளுக்குக் கீழே அரித்துவிட்டது. இன்றோ நாளையோ ஒடியும்.

"கையத் தூக்கு" என்றார்.

தூக்கினான். நெஞ்சு மட்டத்துக்கு வந்ததும் பிடித்து நிறுத்திவிட்டார்.

"உன் எலும்ப வெச்சா இவ்வளவுதான் ஏறும்."

"ஏறலைன்னா என்ன மேடம்? கை உறுதியா இருக்குமே!"

"அவரப் போய்க் கேளு."

"என்னன்னு?"

"இந்தக் கை எதுக்குன்னு."

இதெல்லாம் ஒரு கேள்வியா! முணுமுணுத்துக்கொண்டே வார்டுக்குப் போனான். கேட்டான்.

வெயிலுமுத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லா கேட்டிய போங்க! நான் கபடி ரெஃப்ரீலா? அடுத்த மாசம் கோயில் கொடை முடிஞ்சதும் எங்க ஊர்ல ஃபைனல். இடப்பக்க டீமுக்குப் பாயிண்டுன்னா இடது கை. வலப்பக்கத்துக்கு இந்தக் கை. நெஞ்சு வரைக்கும் தூக்குனா எவன் கண்ணுல படும்? ரெண்டு ஊரும் அடிச்சுக்கிட்டுல்லா கெடப்பானுவ!"

ஆவுடையப்பன் தயங்கினான். "ஐயா, உங்க நோயப் பத்தி..."

"எத்தன மாசம்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. நானும் வீட்டுக்காரியும் அழுது முடிச்சாச்சு. நீங்க கையச் சொல்லுங்க. ஏறுமா, ஏறாதா?"

அவனுக்கு வெட்கமாகிவிட்டது. அந்த எலும்பை எத்தனை தடவை அளந்திருப்பான்! கை எதுக்குன்னு ஒரு தடவையாவது கேட்டானா?

படியில் ஓட்டமாக ஓடி வந்தான்.

"மேடம்! எலும்ப எடுக்க வேண்டாம். உள்ளே கம்பி விட்டு, அரிச்ச இடத்துல எலும்பு சிமென்ட் நிரப்பிடுவோம். தோள்மூட்டு அப்படியே இருக்கும், கை முழுசா ஏறும்!"

"முப்பது வருஷம் தாங்காதே?"

"ஃபைனலுக்குத் தாங்கும்!"

"அப்ப ஆபரேஷன் தியேட்டருக்கு வா."

கொடை முடிந்தது. ஃபைனல் அன்று சாயங்காலம் இருவரும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்கள். இரண்டு டீமும் சமம். வலப்பக்கத்து ரெய்டர் ஒருவனைத் தொட்டுவிட்டு, புழுதியில் விழுந்து புரண்டு நடுக்கோட்டைத் தொட்டான். தொட்டானா, தொடவில்லையா? ஊரே கத்துகிறது!

வெயிலுமுத்து விசிலை ஊதினார். வலது கை ஏறியது. நெஞ்சைத் தாண்டியது, காதைத் தாண்டியது, விண்ணென்று மேலே நின்றது.

இரண்டு ஊரும் அதை ஒத்துக்கொண்டு ஆட்டத்துக்குத் திரும்பின.

ஆவுடையப்பன் துள்ளிக் குதித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சட்டென்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது.

"மேடம், அந்தக் கம்பி இன்னும் எவ்வளவு நாளைக்கு..."

"சும்மா இரு" என்றார் ஹெப்சிபா, கண்ணை எடுக்காமல். "கடைசி ரெய்டு. ஆட்டத்தப் பாரு."